யாப்புக்கு முதல் பாட்டு எது: குறிஞ்சிப்பூவா, மருதமா, குற்றாலக் குரங்கா?

சனிக்கிழமை காலையில் எனக்கு ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கிறது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒரு வீட்டின் முன்தாழ்வாரம், ஒரு வெள்ளைப் பலகை, எட்டுப் பிள்ளைகள். பாதிப்பேர் எஸ்.பி.எம். என்ற மலேசியப் பள்ளி இறுதித் தேர்வில் தமிழ் இலக்கியம் எடுக்கும் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள், மீதிப்பேர் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வரும் தம்பி தங்கைகள். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று யாப்பின் வாய்பாடு கேட்டால் எல்லாரும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் ஒரு பாட்டைக் கையில் கொடுத்து, சீர் பிரி, எதுகை எங்கே, இது என்ன பா என்று கேட்டால் அப்படியே அமைதியாகிவிடுவார்கள். வாய்பாடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். இரண்டும் அவர்கள் மனசில் சந்தித்ததே இல்லை.

அந்தச் சந்திப்பு நடப்பது முதலில் எடுக்கும் பாட்டில்தான் என்பது என் அனுபவம். முதல் பாட்டு தவறிப்போனால் யாப்பு என்பது கணக்கு மாதிரி, தேர்வோடு முடிகிற ஒன்று என்று முடிவுகட்டிவிடுகிறார்கள், அப்புறம் மீட்பது கஷ்டம். அதனால் இந்த ஆறேழு வருஷத்தில் வேறு வேறு குழுக்களுக்கு வேறு வேறு பாட்டை முதலில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எல்லாமே இயற்கைப் பாட்டுகள். கதைப் பின்னணி சொல்லியே முக்கால் மணி நேரம் போய்விடாது, மழையும் மலையும் குரங்கும் வெளியே தலையை நீட்டினாலே தெரியும் என்பதால்தான் அந்தத் தேர்வு. இப்படி வகுப்பு நடத்துகிறவர்களோ, வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற பெற்றோரோ, யாருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாட்டுகளுக்குப் போகும் முன் ஒன்று. நம் பிள்ளைகளின் காது தமிழ்ப் பாட்டில் பழகிய காது இல்லை, பந்துனில் பழகிய காது. மலாய்ப் பாடத்தில் சின்ன வகுப்பிலிருந்தே பந்துன் படிக்கிறார்கள். நான்கு வரி, வரிக்குச் சுமார் எட்டிலிருந்து பன்னிரண்டு அசை, ஒன்றும் மூன்றும் ஒரே ஓசையில் முடியும், இரண்டும் நான்கும் இன்னொரு ஓசையில் முடியும். முதல் இரண்டு வரியில் பெரும்பாலும் மரம், பறவை, ஆறு, அடுத்த இரண்டு வரியில் சொல்ல வந்த சேதி. அழகான வடிவம், 2020-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. ஆனால் அதோடு ஒரு பழக்கமும் வந்துவிடுகிறது: ஓசை ஒத்துப்போவது என்றால் வரியின் கடைசியில்தான் என்று. தமிழில் அது வரியின் தலையில் இருக்கிறது, முதல் சீரின் இரண்டாம் எழுத்தில். ஒரு பையன் எதுகையைத் தேடி எல்லா வரியின் வாலையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ரைம் இல்லையே டீச்சர்" என்று உண்மையான ஏமாற்றத்தோடு சொன்னான். அவன்மேல் தப்பே இல்லை.

முதலில் வைத்துப் பார்த்தது குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு, தேவகுலத்தார் பாடியது. எனக்கு உயிரான பாட்டு என்பதுதான் காரணம், வேறு யோசனை ஒன்றும் இல்லை.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

நான்கே அடி. குறுந்தொகைக்கு நான்கு முதல் எட்டு அடி வரைதான் அளவு, அதில் இது மிகச் சிறியதோடு சேர்ந்தது. மொத்தம் பதினைந்து சீர், அதில் உயர்ந்தன்று, பூக்கொண்டு, நாடனொடு என்ற மூன்று மட்டும் மூன்று அசையுள்ள காய்ச்சீர், மற்ற பன்னிரண்டும் ஈரசைச் சீர். கடைசிக்கு முந்தைய அடியில் மூன்றே சீர், முடிவில் ஏகாரம், ஆக நேரிசை ஆசிரியப்பா. இலக்கணம் இவ்வளவுதான், ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம்.

ஆனால் அந்த மூன்று சீர் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நிலம், வானம், கடல் என்று பெரிசு பெரிசாகத் தன் காதலை அளந்துகொண்டு வந்த தலைவி, அடி குறுகுகிற இடத்தில் ஒரு கறுத்த காம்பையும் அதன்மேல் ஒரு பூவையும் வைக்கிறாள். ஈற்றயலடி குறைய வேண்டும் என்பது பாவின் விதி. அந்த விதி வரும் இடத்துக்குப் பூவைக் கொண்டுவந்தது கவிஞரின் கை. தொடையும் அப்படித்தான்: முதல் இரண்டு அடியை நி, நீ என்ற முதலெழுத்து மோனை கட்டுகிறது, பூவும் தேனும் வரும் கடைசி இரண்டு அடியைக் கருங்கோல், பெருந்தேன் என்ற எதுகை கட்டுகிறது. நடுவில் நீரினும், ஆரள, சாரல் என்று ரகரம் நீர் ஓடுகிற மாதிரி ஒரே அடியில் மூன்று தடவை வருகிறது. உவமைக்கு ஒரு கட்டு, பூவுக்கு வேறு கட்டு. இதை முதல் தடவை கண்டுபிடித்த அன்று பலகை முன்னால் அப்படியே நின்றுவிட்டேன்.

பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை. காரணங்கள் நேரானவை. 'ஆரள வின்றே' என்று சொல்லை உடைத்து எழுதினால்தான் சீர் கிடைக்கும், இதற்கு வகையுளி என்று பெயர். முதல் நாளே, ஆர், அளவு, இன்றே என்று மூன்றாகப் பிரித்துப் பொருள் சொல்லி, மறுபடி சேர்த்து, மறுபடி வேறு இடத்தில் உடைத்தால் குழப்பம்தான். உயர்ந்தன்று என்பதன் கடைசி 'று' குற்றியலுகரம், அதைத் தனி அசையாக எண்ணலாமா என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்டது, அந்தக் கேள்வி தொல்காப்பியத்தின் நேர்பு, நிரைபு என்ற உகர அசைகள் வரை இழுத்துக்கொண்டு போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே, வரிக்கடைசியில் காதைப் பிடிக்கிற ஓசை ஒன்றும் கிடையாது. அகவல், அதாவது ஆசிரியப்பா, பேச்சு மாதிரி நடக்கும். அதன் இசை ஒளிந்திருக்கும் இசை, அதைத் தேடிப் பிடிக்க முதலில் ஒரு காது வேண்டும்.

அடுத்த குழுவுக்குக் கம்பர். பாலகாண்டம், நாட்டுப் படலம்.

தண்டலை மயில்க ளாடத் தாமரை விளக்கந் தாங்கக்
கொண்டல்கள் முழவி னேங்கக் குவளைகண் விழித்து நோக்கத்
தெண்டிரை யெழினி காட்டத் தேம்பிழி மகர யாழின்
வண்டுக ளினிது பாட மருதம்வீற் றிருக்கு மாதோ

சோலையில் மயில் ஆடுகிறது, தாமரை விளக்குப் பிடிக்கிறது, மேகம் மத்தளம் கொட்டுகிறது, அலை திரைச்சீலை, வண்டு பாட்டு, குவளை பார்வையாளர், மருதம் அரசி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பரதம் கற்கும் பிள்ளைகள் இருந்தால் பொருள் சொல்லவே வேண்டாம், அவர்களே அரங்கத்தை அடுக்கிவிடுவார்கள். யாப்பும் கச்சிதம். அறுசீர் விருத்தம், விளம், மா, தேமா, மறுபடி விளம், மா, தேமா. தண்ட, கொண்ட, தெண்டி, வண்டு என்று நான்கு அடித் தலையிலும் எதுகை. ஒன்றாம் சீருக்கும் நான்காம் சீருக்கும் மோனை: தண்டலை தாமரை, கொண்டல் குவளை, தெண்டிரை தேம்பிழி. கடைசி அடியில் வண்டுக்கு மருதம் எப்படி மோனையாகும் என்று ஒருவராவது கேட்பார்கள், வகரமும் மகரமும் மோனையில் உறவு என்று சொல்லிக்கொடுக்க அது நல்ல சாக்கு.

இதில் சிக்கல் அச்சில் வந்தது. இப்போது கிடைக்கும் பெரும்பாலான பதிப்புகளிலும் இணையத்திலும் சொல் சொல்லாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், படிக்க வசதி என்று. 'குவளை கண்விழித்து நோக்க', 'மருதம் வீற்றிருக்கும் மாதோ' என்று பார்த்தாலும் மூன்று மூன்று சீர் வரத்தான் செய்கிறது, ஆனால் மா, காய், தேமா என்று வரும், மற்ற இடத்து ஓட்டத்தோடு ஒட்டாது. பிள்ளைகள் அவரவர் கைப்பேசியில் அவரவர் பதிப்பைப் பார்த்து அவரவர் விடையைச் சொன்னார்கள், எல்லாருமே விதிப்படி சரியாகத்தான் அலகிட்டிருந்தார்கள். சீர் பிரித்த தாளை நானே எழுதிக் கொண்டுபோயிருக்க வேண்டும். கம்பரை எடுக்கிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. விளம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முறை மாங்காய்ச் சீர் வருகிறது, கொண்டல்கள் என்பதிலும் மருதம்வீற் என்பதிலும். விருத்தத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் வாய்பாட்டைக் கணக்காகப் படித்த பிள்ளைக்கு முதல் நாளே விதிவிலக்கைக் காட்டினால், அப்படியென்றால் எதையும் எங்கும் போடலாம் போல என்று எடுத்துக்கொள்கிறது.

திருப்பாவையின் நாலாம் பாட்டு, ஆழி மழைக்கண்ணா, எதுகைக்கு இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது. ஆழி, ஆழியுள், ஊழி, பாழி, ஆழிபோல், தாழாதே, வாழ என்று எட்டு அடியில் ஏழின் தலையில் ழகரம். நம் ஊரில் ழகரம் லகரமாகவும் ளகரமாகவும் கரைந்துகொண்டே வருகிற காலத்தில் அந்தப் பாட்டை ஒரு தடவை உரக்கச் சொல்ல வைத்தாலே நாக்குக்குப் பயிற்சி. கடலுக்குள் புகுந்து நீரை முகந்து, ஆர்த்து ஏறி, மெய் கறுத்து, மின்னி, அதிர்ந்து, பெய்வது வரை மழையின் முழுப் பயணமும் அதில் இருக்கிறது. தளை, அதாவது சீரும் சீரும் சேரும் விதம், பார்க்கவும் சுத்தம்: 'ஆழி மழைக்கண்ணா ஒன்றுநீ கைகரவேல்' என்பதில் மாவுக்குப் பின் நிரை (ஒற்றை எண்ணாமல், குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை), காய்க்குப் பின் நேர் (ஓரெழுத்து அசை), விளத்துக்குப் பின் நேர், வெண்பாவுக்குரிய வெண்டளை அப்படியே கையில் வரும். ஆனாலும் முதல் பாட்டாக வைக்க மாட்டேன். மார்கழிக் காலையில் கோயிலில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ராகத்தோடு ஓடிவிடுகிறார்கள், நீட்டுகிற இடத்தில் குறிலும் நெடிலாகிவிடுகிறது, அசை பிரிக்க முடிவதில்லை. கேட்டுப் பழகாத பிள்ளைகள் ஓரத்தில் நின்றுவிடுகிறார்கள். ஒரே வகுப்பில் இரண்டு வேகம்.

பாரதியின் மழைப் பாட்டையும் ஒரு தடவை வைத்தேன். 'பாயுது பாயுது பாயுது' என்ற இடம் வந்ததும், சின்ன வயதில் பார்த்த 2017 நவம்பர் வெள்ளத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள், அன்றைக்கு வகுப்பில் இருந்த உயிர் வேறு எந்த நாளிலும் இல்லை. ஆனால் தீம்தரிகிட என்பது மத்தளத்தின் சொல், அதை உட்கார்ந்து அலகிடுவது அந்தப் பாட்டுக்கே செய்கிற துரோகம். ஆடவும் பாடவும் வைத்துக்கொள்ளலாம். புதுக்கவிதையில் தொடங்கலாமே என்று ஒரு தோழி கேட்டார். புதுக்கவிதையின் வடிவம் அடி எங்கே உடைகிறது என்பதில் இருக்கிறது, அடி என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த உடைப்பு கேட்கும் என்றேன்.

சரி, கடைசியாக எதில் வந்து நின்றேன் என்றால், திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில். குறத்தி தன் மலையைச் சொல்லும் பாட்டு.

வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும்
மந்திசிந்து கனிகளுக்கு வான்கவிகள் கெஞ்சும்
கானவர்கள் விழியெறிந்து வானவரை அழைப்பர்
கமனசித்தர் வந்துவந்து காயசித்தி விளைப்பர்
தேனருவித் திரையெழும்பி வானின்வழி ஒழுகும்
செங்கதிரோன் பரிக்காலும் தேர்க்காலும் வழுகும்
கூனலிளம் பிறைமுடித்த வேணியலங் காரர்
குற்றாலத் திரிகூட மலையெங்கள் மலையே

கொஞ்சும் கெஞ்சும், அழைப்பர் விளைப்பர், ஒழுகும் வழுகும். பந்துன் காதுக்கு இது உடனே கேட்கும், யாரும் சொல்லித்தர வேண்டாம். 'இதுக்குப் பேர் இயைபு' என்று பெயரை மட்டும் கொடுத்தால் போதும். தெரிந்த கதவு வழியாக உள்ளே வந்துவிட்டார்கள், இனி வீட்டைச் சுற்றிக் காட்டலாம். இப்போது வாலை விட்டுத் தலையைப் பாருங்கள் என்கிறேன். வான, கான, தேன, கூன. ஒற்றைப்படை வரிகளில் மட்டும் எதுகை! இரட்டைப்படை வரிகளில் ஏன் இல்லை? அங்கே மோனை இருக்கிறது: வானரங்களுக்கு மந்தி, கானவருக்குக் கமனசித்தர், தேனருவிக்குச் செங்கதிரோன், கூனலுக்குக் குற்றாலம். தகரமும் சகரமும் உறவு, அதனால் தேவுக்குச் செ பொருந்தும். அப்படியானால் எட்டு வரியாக அச்சில் இருப்பது உண்மையில் எட்டுச் சீர் கொண்ட நான்கு நீள அடி, எதுகை அடியின் தலையைக் காட்டுகிறது, மோனை அடியின் நடுவைக் காட்டுகிறது, இயைபு இரண்டு பாதியையும் பூட்டுகிறது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள், நான் பலகையில் கோடு மட்டும்தான் போட்டேன். அடி என்பது வேறு, அச்சிட்ட வரி என்பது வேறு என்று ஒரு மணி நேரம் விளக்கினாலும் ஏறாதது பத்து நிமிஷத்தில் ஏறியது.

அசைக்கு நான் செய்வது இது. நேர் வந்தால் ஒரு கைத்தட்டு, நிரை வந்தால் மேசையில் இரண்டு விரலால் டக்டக். 'வா' தட்டு, 'னரங்' டக்டக், 'கள்' தட்டு. 'கனி' டக்டக், 'கொடுத்' டக்டக், 'து' தட்டு. 'மந்' தட்டு, 'தியொ' டக்டக், 'டு' தட்டு. 'கொஞ்', 'சும்' இரண்டு தட்டு. காய், காய், காய், மா. முதல் நான்கு வரியில் வரும் பன்னிரண்டு காய்ச்சீரும் கூவிளங்காய் அல்லது கருவிளங்காய், நடுவில் எப்போதும் டக்டக், ஒன்றுகூடத் தப்பாது. அந்தத் தாளம் கைக்குப் பழகிவிடுகிறது. பழகின கை அப்படியே ஐந்தாம் வரிக்கு வருகிறது, 'வானின்வழி' என்ற இடத்தில் தடுமாறுகிறது, தட்டு, தட்டு, டக்டக், தேமாங்கனி. ஆறாம் வரியில் 'பரிக்காலும்' டக்டக், தட்டு, தட்டு. 'தேர்க்காலும்' தட்டு, தட்டு, தட்டு. படிவம் நான்கு பிள்ளை ஒருத்தி கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, "டீச்சர், இங்க மாறுது" என்றாள். அந்த வரி என்ன சொல்கிறது? அருவித் திரை வானம் வரை எழும்பி வழிவதால் சூரியனின் குதிரைக் காலும் தேர்ச் சக்கரமும் வழுக்குகின்றன என்கிறது. வழுக்கும் இடத்தில் தாளம் மாறுகிறது. கவிராயர் நினைத்துத்தான் செய்தார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கடைசி வரியில்கூட மூன்றும் மாங்காய்தான், அங்கே வழுக்கல் எதுவும் இல்லை, ஓடிவந்த பாட்டு நின்று மலையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் கை அதைக் கண்டுகொண்டது, வாய்பாட்டுப் பட்டியல் முதல் தடவையாகப் பாட்டைச் சந்தித்த நொடி அது.

வகையுளியும் இதில் அளவாகத்தான் இருக்கிறது. 'வேணியலங் காரர்' என்ற ஓர் இடம் போதும், சொல் உடைந்தாலும் சீர் உடையாது என்று காட்ட. பொருளில் கமனசித்தர், காயசித்தி இரண்டுக்கு மட்டும் அகராதி எடுக்க வேண்டியிருக்கும்.

நம் ஊருக்கு இந்தப் பாட்டு இன்னும் நெருக்கம். குற்றாலத்தைப் பார்க்காத பிள்ளைகள்தான், ஆனால் தண்ணீர்மலையைப் பார்க்காதவர்கள் யார்? முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, அதற்குப் பின்னால் அருவி, வாசலிலிருந்தே குரங்குகள். மலை, அருவி, குரங்கு மூன்றும் பினாங்கில் ஒரே இடத்தில் இருக்கும்போது வேறு பாட்டை நான் ஏன் தேடிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

ஆக, முதல் சனிக்கிழமை குறவஞ்சி. அதை விட்டு அவசரமாக நகர வேண்டாம், இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் சீர் பிரித்த தாளோடு கம்பர், அங்கே எதுகையும் மோனையும் தெரிந்த முகமாக வரும், விதிவிலக்கும் பயமுறுத்தாது. தேர்வு நெருங்கிவிட்டது, ஒரே வகுப்புதான் இருக்கிறது என்கிறவர்கள் கம்பரையே நேராக எடுக்கலாம், விருத்தத்தைப் பளிச்சென்று காட்டுவதில் அதற்கு ஈடில்லை. திருப்பாவையைத் தளை நடத்தும்போது, ராகம் இல்லாமல். குறுந்தொகையைக் கடைசிக்கு வையுங்கள், அதை ஒதுக்குவதற்காகச் சொல்லவில்லை, காது தயாரான பிறகு அந்தக் கறுத்த காம்பும் மூன்று சீரும் பிள்ளைகளுக்கு முழுசாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக. போன குழுவில் அந்த இடம் வந்தபோது யாரும் ஒன்றும் பேசவில்லை, ஆனால் முதல் வருஷத்து அமைதி இல்லை அது.

இந்தக் குழு இப்போது குறவஞ்சியில் இருக்கிறது. போன வாரம் ஒரு வேலை கொடுத்தேன்: காய், காய், காய், மா என்ற அளவில் உங்கள் குரங்கைப் பற்றி இரண்டு வரி. கையை நிறுத்தினாளே, அவள் 'தண்ணீர்மலைக் குரங்குவந்து' என்று ஆரம்பித்தாள், மற்றவர்கள் தட்டிப் பார்த்து முதல் சீர் இடிக்கிறது என்றார்கள். எல்லாருமாகச் சேர்ந்து மாற்றியது இது:

வேலிமேலே குரங்கிருந்து ரொட்டிகளைப் பறிக்கும்
விரட்டவந்த காவலரைப் பல்லிளித்து முறைக்கும்

வே, வி மோனை நிற்கிறது, இயைபும் இருக்கிறது. அவளுக்குத்தான் திருப்தி இல்லை. தண்ணீர்மலை என்ற பெயர் பாட்டில் வந்தே ஆக வேண்டும் என்கிறாள். வீட்டுக்குப் போய் இரவு எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள்: தட்டு, தட்டு, டக்டக், வானின்வழியும் தண்ணீர்மலையும் ஒரே சீர்தானே டீச்சர், அப்படியென்றால் கவிராயர் வைத்த மாதிரி அதை மூன்றாம் சீரில் வைத்துப் பார்க்கட்டுமா?